வெள்ளைக் கப்பல் கரை சேர்ந்திருந்தால்

1120 நவம்பர் 25 இரவு, வட பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலுள்ள பார்ஃப்ளர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட வெள்ளைக் கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியின் முறைவழிப் பிறந்த ஒரே மகன் வில்லியம், தன் பதினேழாம் வயதில் அதில் இறந்தான். மாற்று வரலாறு எழுத விரும்பும் நான் மீண்டும் மீண்டும் திரும்பி வருவது இந்த இரவுக்குத்தான்.

வில்லியம் பிழைத்திருந்தால், 1127இல் தன் மகள் மட்டில்டாவை வாரிசாக ஏற்கும்படி பிரபுக்களிடம் ஹென்றி சத்தியம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. 1135இல் ஹென்றி இறந்ததும் அவருடைய சகோதரியின் மகன் ஸ்டீபன் அரியணையைக் கைப்பற்றியதும், 1153 வரை நீண்ட உள்நாட்டுப் போரும் நிகழ்ந்திருக்கா. வில்லியம் ஏற்கெனவே பிரான்சின் ஆஞ்சு நாட்டுக் கோமகனின் மகளை மணந்திருந்ததால், அந்த நாட்டுடன் உறவை உறுதிப்படுத்த மட்டில்டாவை அந்தக் கோமகனின் மகன் ஜெஃப்ரிக்கு மணமுடிக்கும் தேவையும் எழுந்திராது. அப்படியானால் அவர்களின் மகனும் பின்னாளில் இங்கிலாந்து மன்னருமான இரண்டாம் ஹென்றி பிறந்திருக்கவே மாட்டார். அவருடைய வீரர்களின் கையால் கேன்டர்பரி பேராலயத்தில் நடந்த பேராயர் பெக்கெட்டின் கொலையும் இராது.

நம்பகத்தன்மைக்கு நான் வைத்துக்கொண்ட விதி எளியது: ஒரே ஒரு நிகழ்வை மட்டும் மாற்ற வேண்டும், மனிதர்களின் இயல்பை மாற்றக்கூடாது. கப்பலைக் காப்பாற்றிவிட்டேன் என்பதற்காக நார்மன் பிரபுக்களின் நிலப்பசி தணிந்துவிடாது. இங்கிலாந்திலும் நார்மண்டியிலும் நிலம் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு நாடுகளும் ஒரே ஆட்சியாளரின் கீழ் இருப்பதே ஆதாயம்; ஆகவே பிரெஞ்சு மன்னர் ஆறாம் லூயியுடனான எல்லைப் பூசல் என் கதையிலும் தொடர்கிறது.