ரேஞ்ச் எண்ணை விடுங்கள், சதவீதத்தைப் பாருங்கள்

மின்சாரக் காரின் டாஷ்போர்டில் ரேஞ்ச், அதாவது இந்தச் சார்ஜில் இன்னும் ஓடக்கூடிய தூரம், 212 கி.மீ. என்று தெரிவது அளந்து சொன்ன எண் அல்ல, ஊகம். பெரும்பாலான மின்சாரக் கார்கள் பேட்டரியில் மீதமிருக்கும் ஆற்றலை, அண்மையில் ஓடிய தூரத்தின் சராசரிச் செலவால் வகுத்து அதைக் காட்டுகின்றன. நேற்று முழுக்க ஊருக்குள் மெதுவாக ஓட்டியிருந்தால் இன்று காலையில் தாராளமாகக் காட்டும். ஹைவேயில் ஏறி 20 கி.மீ. போவதற்குள் அதில் 30 காணாமல் போயிருக்கும். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை, பழைய கணக்கு புதிய சாலைக்குப் பொருந்தவில்லை. சேருமிடத்தை நேவிகேஷனில் போட்டால் ஏற்ற இறக்கத்தையும் சாலை வேகத்தையும் சேர்த்துக் கணிக்கும் வண்டிகளும் உண்டு. உங்களுடையது அப்படியென்றால் அந்தக் கணிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இல்லையென்றால் கணக்கை நாமே போடலாம். பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 50 யூனிட் (அதாவது 50 கிலோவாட் மணி) என்று வைத்துக்கொள்வோம். பிரோஷரில் இருப்பது சில சமயம் மொத்தக் கொள்ளளவாக இருக்கும், அது இதைவிடக் கொஞ்சம் கூடுதல். சார்ஜ் 60 சதவீதம் என்றால் கையில் 30 யூனிட். கடைசி 10 சதவீதத்தைத் தொடாமல் விட்டால் 25. டிரிப் மீட்டரை ரீசெட் செய்து, போகப்போகும் மாதிரியான சாலையில், போகப்போகும் வேகத்தில் ஒரு 20 கி.மீ. ஓட்டிச் செலவைப் பாருங்கள். 100 கி.மீ.க்கு 16 யூனிட் என்று வந்தால் 25 யூனிட்டுக்கு 156 கி.மீ. அதுவே 20 யூனிட் என்றால் 125 கி.மீ.தான். ஓட்டும்போது மனக்கணக்குக்கு இதைச் சுருக்கி வைத்துக்கொள்ளலாம்: முதல் செலவில் ஒரு சதவீதத்துக்கு 3 கி.மீ., இரண்டாவதில் இரண்டரை.

அந்தச் செலவை அதிகம் ஆட்டிவைப்பது வேகம். காற்றுத் தடைக்காகக் கிலோமீட்டருக்குச் செலவாகும் ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறும். 90-லிருந்து 110-க்குப் போனால் அந்தப் பங்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எதிர்க்காற்றும் வேகக் கணக்கில்தான் சேரும்: 20 கி.மீ. எதிர்க்காற்றில் 100-ல் போனால், வண்டி 120-க்கான காற்றைக் கிழிக்கிறது.

ஏசியும் ஹீட்டரும் தூரத்தைப் பார்ப்பதில்லை, நேரத்தைப் பார்த்துத் தின்கின்றன. 4 கிலோவாட் இழுக்கும் ஹீட்டர் 100 கி.மீ. வேகத்தில் கிலோமீட்டருக்கு 40 வாட் மணி எடுக்கும். நெரிசலில் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் அதுவே 200, வண்டியை ஓட்டும் செலவையே தாண்டிவிடும். ஏசி அறையைக் குளிர்வித்த பிறகு 1 கிலோவாட் அளவில் நின்றுவிட்டால், ஹைவேயில் அதை அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டு போவதில் பெரிய லாபம் இல்லை. 10 கி.மீ. வேகத்தைக் குறைத்தால் அதைவிட அதிகம் மிச்சமாகும்.

மலைப்பாதைக்குத் தனிக் கணக்கு. 1,800 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் ஏறக் குறைந்தது அரை யூனிட் கூடுதலாக வேண்டும். 500 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டரை யூனிட், நம் 50 யூனிட் பேட்டரியில் 5 சதவீதம். இறங்கும்போது ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு அனுப்புவது) ஒரு பங்கைத் திருப்பித் தரும், முழுதாக அல்ல. உச்சியில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் அதுவும் கிடைக்காது, நிறைந்த பேட்டரியில் போட இடம் ஏது? பேட்டரி குளிர்ந்து கிடந்தாலும் ரீஜென் மட்டுப்படும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது கவனிக்க வேண்டியது இடைவெளி. சேருமிடத்துக்கு 90 கி.மீ., ரேஞ்ச் 130 என்றால் இடைவெளி 40. அது 40-லேயே நின்றால் சரி. 32, 22 என்று இறங்கினால் உடனே வேகத்தைக் குறையுங்கள். 10-க்கு வந்த பிறகு குறைத்துப் பெரிதாக ஒன்றும் மீட்க முடியாது.

இத்தனை கணக்கும் சதவீதம் சரி என்று நம்பிப் போடுவது, அதுவும் ஒரு மதிப்பீடுதான். உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்து, இடையிடையே செல் வோல்டேஜோடு ஒப்பிட்டு வண்டியே அதைத் திருத்திக்கொள்கிறது. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை செல்களில் சார்ஜின் நடுப்பகுதியில் வோல்டேஜ் கிட்டத்தட்ட மட்டமாக இருப்பதால் அந்தத் திருத்தம் எளிதல்ல. மாதக்கணக்கில் 30-க்கும் 80-க்கும் இடையிலேயே ஓட்டினால் பிழை சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் 15 என்று காட்டியது திடீரென 6 ஆகும். எல்எஃப்பி வண்டிகளை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏற்றி முடித்ததும் பிளக்கைப் பிடுங்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள், எல்லா செல்களின் சார்ஜும் ஒரே அளவுக்கு வர அது தேவைப்படும். பல மாதம் அப்படிச் செய்யாத வண்டி என்றால், நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவே ஏற்றிவிடுவது நல்லது.