அலாரம் நின்றதா, அடித்ததா?

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம், நைட் ஷிஃப்ட். லண்டன் கிளையண்ட் ஆபீஸில் இருந்து ஒருவர் போன் செய்து, சர்வர் ரூமில் 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. 'அலாரம் நின்றுவிட்டது' என்று எழுதி டிக்கெட்டை, அதாவது கம்ப்யூட்டரில் பதிவான அந்தப் புகாரை, மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். 'ஆஃப்' என்றால் அணைவதுதானே? ஃபேன் ஆஃப், லைட் ஆஃப், மோட்டார் ஆஃப் என்று சொல்லித்தானே வளர்ந்தோம். திரும்பி வந்து பார்த்தால் டீம் லீடின் முகமே சரியில்லை. அலாரம் அடிக்கிறது என்று சொல்லத்தான் அந்த மனிதர் போன் செய்திருக்கிறார்.

வினையோடு 'ஆஃப்', 'அவுட்' மாதிரி ஒரு சிறு சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் இந்த ஃப்ரேசல் வெர்ப் சமாச்சாரத்தைப் பிளஸ் டூவிலேயே படித்தவன்தான் நான். இருபது இருபத்தைந்தை உருப்போட்டு, ஒரு மார்க் கேள்விக்கு எழுதி, அன்று சாயந்திரமே மறந்தும் போனேன். அந்த அலாரத்துக்கு அப்புறம்தான் ஒழுங்காக டிக்ஷனரியைப் புரட்டினேன். அலாரம் 'கோஸ் ஆஃப்' என்றால் அடிக்கிறது. குண்டு என்றால் வெடிக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் பாலைச் சொன்னால் கெட்டுப்போகிறது. லைட் என்றால் மட்டும், நல்லவேளையாக, நாம் நினைக்கிற மாதிரியே அணைகிறது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு அட்டகாசமா என்று எரிச்சலாக வந்தது.

சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட தன் ஆங்கில அகராதியின் முன்னுரையில், வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து பொருளே மாறிப்போகும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பெரிய கஷ்டம் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்ததும் கொஞ்சம் ஆறுதல். இத்தனைக்கும் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் பரவியதே 1925-க்கு அப்புறம்தான், லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் அதைத் தன் புத்தகத்தில் எழுதிய பிறகு. பெயர் வைப்பதற்கு முன்னாலேயே ஊரைப் படுத்தியிருக்கிறது.

ஆனால் எனக்கு விஷயம் பிடிபட்டது எந்த அகராதியாலும் இல்லை. வீட்டில் அம்மா 'கரண்டி காணாமல் போச்சு' என்று தேடிக்கொண்டிருந்தார். கரண்டி எங்கே போயிற்று? கால் முளைத்து நடந்தா போயிற்று? பயந்து போனேன், நனைந்து போனேன், கெட்டுப் போச்சு, செத்துப் போனார்... இதில் எந்தப் 'போ'வும் எங்கேயும் போகவில்லை. 'செய்து பார்' என்பதில் கண்ணுக்கு வேலை இல்லை. 'சொல்லி வை' என்றால் எதை எங்கே வைப்பது? 'வந்து தொலை' என்பதை ஒரு வெள்ளைக்காரருக்கு விளக்கிப் பாருங்கள், அப்போது தெரியும். நாலு வயதுப் பிள்ளை இதையெல்லாம் தப்பில்லாமல் பேசுகிறது, யாரும் பட்டியல் போட்டுச் சொல்லிக் கொடுத்ததில்லை.

இன்னும் வேடிக்கை, சில சமயம் இரண்டு மொழியும் ஒரே வினையைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. 'புட் ஆஃப்' நமக்குத் தள்ளிப்போடு, அங்கேயும் போடுதான். 'லுக் ஆஃப்டர்' பார்த்துக்கொள். 'கிவ் இன்' விட்டுக்கொடு. தற்செயல்தான், ஆனால் இந்த மூன்றும் எனக்கு அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதை அன்றோடு விட்டேன். 'கெட்' என்று தலைப்புப் போட்டு அதன் கீழே முப்பது எழுதுவது வீண் வேலை, எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். நான் பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். மீட்டிங் என்று ஒரு பக்கம்: 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது, 'கால் ஆஃப்' என்றால் ஒரேயடியாக ரத்து, 'பிரிங் ஃபார்வர்ட்' என்றால் முன்கூட்டியே வைப்பது, அதாவது நாம் 'ப்ரீபோன்' என்று சொல்வோமே, அது. முதல் இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை, ஒருநாள் ஏழு பேர் காலியான மீட்டிங் ரூமில் உட்கார்ந்திருந்தோம்.

இடையில் 'இட்' வந்தால் தனி வம்பு. 'டர்ன் ஆஃப் தி லைட்' சரி, 'டர்ன் தி லைட் ஆஃப்'பும் சரி. 'இட்' போட்டால் மட்டும் 'டர்ன் இட் ஆஃப்' என்றுதான் வர வேண்டும். 'டர்ன் ஆஃப் இட்' தப்பு. ஆனால் 'லுக் ஆஃப்டர் இட்' சரி, அங்கே பிரிக்கவே கூடாது. விதி எல்லாம் இருக்கிறது, பேசும்போது விதி யாருக்கு ஞாபகம் வரும்? முழு வாக்கியமாக வாய்க்குப் பழக்கினால்தான் உண்டு.

'பாஸ் அவுட்' கதையும் உண்டு. ஓர் அமெரிக்கரிடம் 'ஐ பாஸ்டு அவுட் இன் 2011' என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பதறிப்போய் இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர்களுக்கு அது மயங்கி விழுவது. இதைத் தப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இந்தியாவில் அதற்குப் படித்து முடிப்பது என்றுதான் அர்த்தம், பிரிட்டனில்கூட ராணுவப் பயிற்சி முடிந்தால் 'பாஸிங் அவுட் பரேட்' உண்டே. அமெரிக்கரிடம் மட்டும் 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிக்கொள்கிறேன்.

யோசித்தால் நாமும் இவற்றை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறோம்: மேக்கப், பிக்கப், பிரேக்கப், செட்டப். கடைசிச் சொல் நம்மூரில் எங்கெங்கோ போய்விட்டது, அதை விடுங்கள்.

நோட்டு இப்போது மூன்றாவது ஓடுகிறது. அந்த நைட் ஷிஃப்ட் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் யாராவது போனில் அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால், அடிக்கிறதா, நின்றுவிட்டதா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் டிக்கெட்டைத் தொடுகிறேன்.