‘முடி’க்கு நிறமில்லை, ‘முடிவு’க்குப் பாதி நிறம்

திருகோணமலை உவர்மலையில் மாலை வகுப்புக்கு வரும் சாதாரண தரப் பிள்ளைகளுக்கான ஐசிடி குறிப்புகளை, உரைக்கோப்புகளை வலைப்பக்கங்களாக்கும் ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவியில் போடுகிறோம். பைத்தன் பகுதிகளில் தொல்லையே இல்லை. ஸ்டைல் வரியை மாற்றினால் நிறம் மாறும். அடி விழுந்தது தமிழ்ப் போலிக்குறிமுறைக்கு நிறம் கொடுக்கப் போனபோதுதான்.

ஸ்ஃபிங்க்ஸில் நிரலுக்கு நிறம் பூசுவது பிக்மென்ட்ஸ் என்ற நூலகம். அதன் ரீஜெக்ஸ்லெக்சரை வைத்து லெக்சர், அதாவது உரையை டோக்கன் என்ற துண்டுகளாகப் பிரித்து வகை குறிக்கும் நிரல், எழுதி, ஸ்ஃபிங்க்ஸின் ஆட்_லெக்சரால் இணைப்பது சின்ன வேலை. கிளாஸை மட்டும் கொடுங்கள். அடைப்புக்குறி போட்டு ஆப்ஜெக்டாகக் கொடுப்பது ஸ்ஃபிங்க்ஸ் 4 முதல் செல்லாது.

‘தொடங்கு’, ‘ஆயின்’, ‘முடி’ எல்லாவற்றுக்கும் இருபக்கமும் வழமையான சொல்லெல்லைக் குறி, அதாவது பின்சாய்கோடு பி, போட்டாயிற்று. பில்ட் ஓடியது. தனியே நிற்கும் ‘முடி’ கறுப்பாகவே கிடந்தது. ‘முடிவு’ என்ற மாறியில் முதல் இரண்டு எழுத்து மட்டும் நீலம்!

பைத்தன் ரீஜெக்ஸுக்கு, அதாவது உரையில் பொருத்தம் தேடும் விதிகளுக்கு, ‘ட’ எழுத்து. ‘டி’யில் அதன் மேல் வரும் விசிறி (ி) எழுத்தல்ல. புள்ளியும் அப்படித்தான். எழுத்தும் எழுத்தல்லாததும் சந்திக்கும் இடமே அதற்குச் சொல்லெல்லை. ஆகவே ‘முடி’க்குப் பின் இடைவெளி வந்தால் அங்கே எல்லையே இல்லை, ‘வு’ வந்தால் எல்லை முளைக்கிறது. மாறிப்பெயர் விதியிலும் இதே கோளாறுதான்: விசிறியும் கொம்பும் (ெ) பிழை டோக்கனாகிச் சிவப்புப் பெட்டிக்குள் விழும்.

சொல்லெல்லைக் குறியை எடுத்துவிடுங்கள். யூனிகோடில் தமிழுக்குரிய 128 இடங்களில், பதின்மத்தில் 2944 முதல் 3071 வரை, எதுவும் முன்னும் பின்னும் ஒட்டக்கூடாது என்று நெகட்டிவ் லுக்பிஹைண்ட், லுக்அஹெட் வையுங்கள். மாறிப்பெயர் விதியிலும் அதே வரிசையைச் சேருங்கள். அந்த விதி ‘முடி’ போன்ற சிறப்புச்சொற்களின் விதிக்குக் கீழேதான் வரவேண்டும், முதலில் பொருந்துகிற விதியே வெல்லும். தமிழ்ச் சொற்களில் நிரல் எழுதும் எழில் மொழிக்கான லெக்சர் பிக்மென்ட்ஸிலேயே இருக்கிறது, அந்தக் கோப்பில் இந்த வரிசை அப்படியே உண்டு. முதலே திறந்து பார்த்திருந்தால் ஒரு பின்னேரம் மிச்சம்.

லெக்சரைத் திருத்தியது ஸ்ஃபிங்க்ஸுக்குத் தெரியாது. பக்கத்தின் மூலம் மாறாததால் பழைய எச்டிஎம்எல்லே நிற்கும். பழைய வெளியீட்டை அழிக்கும் மேக் கிளீன் கொடுத்தே பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பாடத்தில் ‘தொடங்கு’ மட்டும் நிறம் ஏறவில்லை. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. குறிகளை எண்ணிப் பார்த்தால் அந்தக் கோப்பில் ‘தொ’வின் கொம்பும் அரவும் (ா) தனித்தனிக் குறிகளாக இருந்தன, லெக்சரிலோ இரண்டும் சேர்ந்த ஒரே குறி. லெக்சரின் கெட்_டோக்கன்ஸில் உரையை என்எஃப்சிக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவுக்கு, மாற்றியதும் நீலம் வந்தது.