ஒரு யுனிவர்சிட்டிய நாடு கடத்தின கதை

யுனிவர்சிட்டி விவகாரம்னா நமக்கு துணைவேந்தர் நியமனம்தான் ஞாபகம் வரும், ஆனா ஹங்கேரில ஒரு யுனிவர்சிட்டியையே நாட்ட விட்டு கிளப்பிருக்காங்க. சென்ட்ரல் யூரோப்பியன் யுனிவர்சிட்டி, 1991ல ஹங்கேரில பொறந்த அமெரிக்க கோடீஸ்வரர் ஜார்ஜ் சோரோஸ் ஆரம்பிச்சது, அமெரிக்க அங்கீகாரத்துல, புடாபெஸ்ட்ல நல்லாதான் போயிட்டிருந்துச்சு. 2017 ஏப்ரல்ல அப்போ பிரதமரா இருந்த விக்டர் ஆர்பனோட அரசாங்கம் திடீர்னு ஒரு சட்டம் போட்டுச்சு, வெளிநாட்டு அங்கீகாரத்துல நடக்குற யுனிவர்சிட்டின்னா அங்கீகாரம் குடுத்த நாட்டுலயும் கேம்பஸ் இருக்கணும், அந்த நாட்டு அரசோட ஒப்பந்தமும் வேணும்னு. சரின்னு இவங்க நியூயார்க் மாநிலத்துல பார்ட் காலேஜோட சேர்ந்து பாடம் நடத்தி காட்டினாங்க, நியூயார்க்கும் ஒப்பந்தத்துக்கு ரெடி, ஹங்கேரி மட்டும் கையெழுத்தே போடல. இதுல கொடும என்னன்னா அதே நிலமைல இருந்த மேரிலாண்ட் மாநிலத்து மெக்டேனியல் காலேஜுக்கு மட்டும் கையெழுத்து போட்டுட்டாங்க 😏

ட்ரம்ப் அனுப்பின அமெரிக்க தூதரும் பெருசா அழுத்தம் குடுத்த மாதிரி தெரியல. கடைசில 2018 டிசம்பர்ல ஆஸ்திரியாவோட வியன்னாவுக்கு மாறுறோம்னு யுனிவர்சிட்டி அறிவிச்சுடுச்சு. ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் அந்த சட்டம் செல்லாதுன்னு சொன்னது 2020 அக்டோபர்ல, அதுக்குள்ள வியன்னால க்ளாஸ் ஆரம்பிச்சே ஒரு வருஷம் ஆச்சு, என்ன பிரயோஜனம்?

இத்தனைக்கும் ஆர்பன் 1989ல ஆக்ஸ்ஃபோர்டு போனதே சோரோஸ் ஸ்காலர்ஷிப்லதான்!

இந்த யுனிவர்சிட்டிய துரத்திட்டு ஆர்பன் அரசாங்கம் 2021ல சீனாவோட ஃபூடான் யுனிவர்சிட்டிய கூப்பிட்டாங்க. அத எதிர்த்து ஆயிரக்கணக்குல ஜனங்க தெருவுல இறங்கிட்டாங்க. புடாபெஸ்ட் மேயர் அந்த கேம்பஸ் வரப்போற இடத்த சுத்தி இருந்த தெருக்களுக்கு சீனாவ கடுப்பேத்துற மாதிரி தலாய் லாமா ரோடு, உய்குர் தியாகிகள் ரோடு, சுதந்திர ஹாங்காங் ரோடுன்னு பேர் மாத்தி வச்சுட்டாரு. மனுசன் குசும்புக்காரன்யா 😂