ஊரைக் கேட்காமல் வேலையைக் கேட்டபோது

டப்ளினில் நான் ஒன்பது ஆண்டுகள் பார்த்த வேலையை, பேச்சைப் படியெடுக்கும் வேலை என்று சொல்லலாம். அயர்லாந்தில் பிறந்தவர்கள், அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களின் வழிவந்தவர்கள் என, தத்தம் துறையில் பெயர் பெற்றவர்களுடன் நடக்கும் உரையாடல்களை ஒரு சிறிய காப்பகம் ஒலிப்பதிவாகச் சேகரித்து வந்தது. பேட்டிக்கு முன்னால், ஒருவர் அதுவரை பொதுவில் பேசியவற்றையும் எழுதியவற்றையும் படித்தும் கேட்டும் குறிப்பெடுத்து, கேள்விகளை வரிசைப்படுத்துவது என் முதல் பொறுப்பு. பேட்டி முடிந்தபின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒரு சொல்லும் விடுபடாமல் தட்டச்சு செய்வது இரண்டாவது பொறுப்பு. யாரைப் பற்றிக் குறிப்பெடுத்தாலும் அவர் பேட்டிக்கு வந்துவிடுவார் என்பதில்லை. நான் நாள்கணக்கில் கேட்ட குரல்களில் பலவற்றுக்கு உரியவர்களை நேரில் கண்டதே இல்லை.

எங்கள் கேள்வித்தாளில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: உங்கள் குடும்பம் எந்தக் கவுண்டியை, அதாவது எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது? அந்தக் கேள்வியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவினர் கப்பலேறினார்கள். அப்படிச் சிதறிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, கார்க் என்றோ மேயோ என்றோ ஒரு பெயரைச் சொல்ல முடிவது பெரிய ஆறுதல் என்பதைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் ஓர் ஆண்டு வேலை பார்த்தபின் எனக்கு ஒரு சங்கடம் தோன்றியது. அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள், கல்யாணப் பத்திரிகையை உரக்க வாசிப்பது போல் இருந்தன. பாட்டனார் பெயர், ஊர், கப்பல் ஏறிய ஆண்டு எல்லாம் சரியாக இருந்தன. பேசுபவர் மட்டும் அதில் இல்லை. பெடலை நிறுத்தாமலேயே அந்தப் பகுதிகளைத் தட்டச்சு செய்துவிட முடிந்தது.

இரண்டாம் ஆண்டில், உடன் பணிபுரிந்தவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், ஒலிப்பதிவுக் கருவியுடன் நானே ஒரு பட்டறைக்குப் போக நேர்ந்தது. அந்தப் பட்டறைக்காரர், இல்லன் பைப் என்னும் ஐரிஷ் காற்றுப்பை இசைக்கருவியைச் செய்பவர், அந்த வட்டாரத்தில் மதிப்புக்குரியவர். ஐரிஷ் மொழியில் முழங்கைக்குரிய சொல்லிலிருந்து வந்தது இல்லன் என்ற பெயர். முழங்கையால் ஒரு துருத்தியை அழுத்திக் காற்றை உள்ளே செலுத்தி வாசிக்கிறார்கள், வாயால் ஊதுவதில்லை. நான் கேள்வித்தாளை வரிசையாகக் கேட்டேன், அவர் வரிசையாகச் சொன்னார். வாசிப்பவர்களும் செய்பவர்களும் அருகிப்போயிருந்த காலத்தில், 1968இல், இந்தக் கலைக்கென ஒரு சங்கம் அமைக்கப்பட்டதையும், 2017இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டதையும் குறிப்பிட்டார். இருபது நிமிடங்களில் தாள் தீர்ந்துவிட்டது.

அப்போதுதான் அவர் மேசையில் மெல்லிய நாணல் தட்டைகள் சில கிடப்பதைக் கவனித்தேன். நான் கும்பகோணத்துப் பக்கம் வளர்ந்தவள். நாகஸ்வரம் கடையும் நரசிங்கன்பேட்டை எங்களுக்குப் பக்கத்து ஊர். திருவாவடுதுறையில், நாகஸ்வரத்தில் ஒலி எழுப்பும் நாணலான சீவாளியைச் செய்பவர்களின் திண்ணையில் இதே போன்ற தட்டைகள் காய்வதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தாளை மூடிவைத்துவிட்டு, இந்தத் தட்டையை எத்தனை நாள் காய வைப்பீர்கள் என்று கேட்டேன்.

அவர் முதன்முறையாகக் கருவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நாள் கணக்கு இல்லை, வருடக் கணக்கு என்றார். பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். வாயின் ஈரம் படாததால் இந்தச் சீவாளிக்கு எப்போதும் உலர்ந்த காற்றுதான் கிடைக்கிறது, அதனால் அறையில் ஈரப்பதம் கொஞ்சம் மாறினாலும் சுருதி நகர்ந்துவிடுகிறது என்றார். கத்தியால் ஒரு சீவல் கூடுதலாக எடுத்துவிட்டால் அத்தனை நாள் உழைப்பும் குப்பைக்குத்தான் என்று சொல்லி, அப்படிப் போனவற்றைப் போட்டுவைத்திருந்த டப்பாவைத் திறந்தும் காட்டினார். எங்கள் ஊரில் வாசிப்பதற்கு முன் சீவாளியை வாயில் வைத்து நனைப்பார்கள், மாற்றுச் சீவாளிகளைக் கருவியிலேயே கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவார்கள் என்று நான் சொன்னதும், அவர் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். அன்றைய ஒலிப்பதிவைப் படியெடுக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பெடலை நிறுத்த வேண்டியிருந்தது.

அதன்பிறகு குறிப்பெடுக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். ஒருவர் வாங்கிய விருதுகளை எழுதுவதற்கு முன்னால், அவர் கைகள் எவற்றையெல்லாம் தொட்டன என்று தேடி எழுதத் தொடங்கினேன். அந்த முறையில் நான் எடுத்த குறிப்புகளில் வானியலாளர் ஜோஸலின் பெல் பர்னல் பற்றியதுதான் மிக நீளமானது.

அவர் 1943இல் பிறந்து, வட அயர்லாந்தின் அர்மா கவுண்டியில் லர்கன் ஊரில் வளர்ந்தவர். பள்ளியில் பையன்களை அறிவியல் வகுப்புக்கும் பெண்களைச் சமையல் வகுப்புக்கும் பிரித்து அனுப்பியபோது, அவருடைய பெற்றோர் போய்ச் சண்டை போட்டுத்தான் அவருக்கு அறிவியல் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியானபோது, தன்னைத் தவறுதலாகச் சேர்த்துக்கொண்டார்கள், ஒருநாள் கண்டுபிடித்து வெளியேற்றுவார்கள், அதுவரை முழு மூச்சுடன் உழைப்போம் என்று நினைத்ததாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அங்கே அவர் செய்த முதல் வேலை வானத்தைப் பார்ப்பது அல்ல, கம்பம் நடுவது. சுமார் நாலரை ஏக்கர் நிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்களை அறைந்து, அவற்றினிடையே கம்பிகளையும் கேபிள்களையும் இழுத்துக் கட்டி, சக மாணவர்களுடன் சேர்ந்து இரண்டு ஆண்டுகளில் ஒரு ரேடியோ தொலைநோக்கியை எழுப்பினார்கள். படிப்பு முடிந்தபோது தன்னால் சம்மட்டியைச் சுழற்ற முடிந்தது என்று அவர் சொல்லும் இடத்தில் குரலில் ஒரு பெருமிதம் தெரியும்.

1967 ஜூலையில் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறு அடி வரைபடத் தாளில் பேனா முனை கோடிழுத்துக்கொண்டே போகும். அதைக் கண்ணால் படிப்பது அவர் வேலை. அந்தத் தாளில் விரல் நகம் அளவு இடத்தில், அவர்கள் தேடிய விண்பொருள்களின் சாயலும் இல்லாத, மனிதர்கள் ஏற்படுத்தும் இரைச்சலும் அல்லாத ஒரு கிறுக்கலைக் கண்டார். அதே கிறுக்கலை முன்பும் வானத்தின் அதே பகுதியில் பார்த்தது நினைவுக்கு வந்தது. தாளை வேகமாக ஓடவிட்டால் கிறுக்கல் விரிந்து தெரியும் என்பதால், நாள்தோறும் அந்த நேரத்துக்கு ஆய்வகம் போய்க் காத்திருந்தார். நவம்பர் 28 அன்று பேனா சீரான இடைவெளியில் துடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் 1.33 விநாடி. பின்னாளில் பல்சார் என்று பெயர் பெற்ற, சுழலும் நியூட்ரான் விண்மீனின் துடிப்பு அது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் முன், வேறொரு பகுதியில் இன்னொரு கிறுக்கலைக் கண்டு, நள்ளிரவு தாண்டிய கடுங்குளிரில் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறார். குளிரில் கருவி முழுத் திறனுடன் இயங்க மறுத்தது. அதன்மேல் வாயால் வெப்பக் காற்றை ஊதினார், திட்டினார், ஐந்து நிமிடம் மட்டும் அது சரியாக ஓடியது. அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டாவது பல்சார் தாளில் விழுந்தது. இந்தக் கட்டத்தை அவர் விவரிக்கும் பதிவைத் தேவைக்கு மேல் பலமுறை கேட்டிருக்கிறேன். என்னதான் நுட்பமான கருவி என்றாலும், வீட்டில் பழைய வானொலிப் பெட்டியைத் தட்டிக் கொடுத்துப் பாடவைத்த என் தந்தையின் கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அவரிடம் பத்திரிகையாளர்கள் அப்போது என்ன கேட்டார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆய்வின் முக்கியத்துவத்தை அவருடைய ஆசிரியர் ஆன்டனி ஹியூவிஷிடம் கேட்டுவிட்டு, ஜோஸலினிடம் திரும்பி, உயரம் என்ன, கூந்தல் என்ன நிறம், ஆண் நண்பர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார்கள். கம்பம் நட்டு, கம்பி கட்டி, கிலோமீட்டர் கணக்கில் தாளைக் கண்ணால் படித்த ஒருவரிடம் வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. இதைத் தட்டச்சு செய்த நாளில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. 1974இல் பல்சார் கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசில் ஹியூவிஷ் இடம்பெற்றார், ஜோஸலின் இடம்பெறவில்லை. பிந்தைய பேட்டியாளர்கள் எல்லோரும் அந்த அநியாயத்தைக் கேட்கிறார்கள். அவரும் வருத்தம் காட்டாமல் பொறுமையாகப் பதில் சொல்கிறார். அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதுவும் மெல்ல மெல்லக் கல்யாணப் பத்திரிகையாகிவிட்டது. என் குறிப்பில், நோபல் பற்றி நாமாகக் கேட்க வேண்டாம், பேனா முனையைப் பற்றிக் கேளுங்கள் என்று எழுதிவைத்தேன். 2018இல் தனக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசு முழுவதையும், இயற்பியல் ஆராய்ச்சியில் போதிய இடம் கிடைக்காத பிரிவுகளின் மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு அவர் கொடுத்துவிட்டார்.

விண்வெளி வீரர் மைக்கேல் காலின்ஸின் கதையும் கேள்விகளால் தேய்ந்த கதைதான். பாட்டனார் கார்க் பகுதியிலிருந்து அமெரிக்கா போனவர். 1969இல் இரண்டு பேர் நிலவில் இறங்கியபோது, மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தவர் இவர். ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் மறுபக்கம் போகும்போது முக்கால் மணி நேரம் பூமியுடன் தொடர்பு அறுந்துவிடும். தனிமையாக இருந்ததா என்று அரை நூற்றாண்டு அவரைக் கேட்டார்கள், இல்லை என்று அரை நூற்றாண்டு அவர் சொன்னார். உண்மையில் அவர் மனத்தில் இருந்தது வேலை. கீழே போனவர்களின் கலம் சரியாக மேலே வராவிட்டால் எப்படிப் போய்ச் சேர்வது என்பதற்குப் பதினெட்டு வழிகளை எழுதிய ஒரு குறிப்பேட்டைக் கழுத்தோடு மாட்டிவைத்திருந்தார். அந்தக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் பற்றி யாராவது கேட்டிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வில்லியம் கேம்பல் டொனிகால் கவுண்டியின் ராமெல்டனில் 1930இல் பிறந்தவர். சிறுவனாக ஒரு வேளாண் கண்காட்சிக்குப் போனபோது கால்நடைகளின் கல்லீரல் புழுவைப் பற்றிய துண்டறிக்கை ஒன்று அவர் மனத்தில் பதிந்தது. வாழ்நாள் முழுவதும் ஒட்டுண்ணிப் புழுக்களோடுதான் வேலை பார்த்தார். ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர்களில் ஒன்று எலிகளின் வயிற்றுப் புழுக்களைக் கொல்வதை அமெரிக்காவின் மெர்க் ஆய்வகத்தில் கேம்பலின் குழு கண்டறிந்தது. அதிலிருந்துதான் ஐவர்மெக்டின் வந்தது. ஆப்பிரிக்க ஆற்றங்கரைகளில் கண்பார்வையைப் பறிக்கும் புழுநோய்க்கு அதை 1987 முதல் அந்த நிறுவனம் இலவசமாகக் கொடுத்து வருகிறது. நம் ஊர் யானைக்கால் நோயை எதிர்க்கவும் அதே மருந்து இன்று பயன்படுகிறது. 2015இல் இருவருக்கும் நோபல் பரிசின் பாதி கிடைத்தது. அவருடைய பதிவுகளில் நான் கவனித்தது, "நான்" என்ற சொல் மிகக் குறைவாக வருவதுதான். கண்டுபிடிப்பு குழுவினுடையது என்பதை அவர் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. யார் எந்தச் சோதனையைச் செய்தார்கள் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரின் துல்லியம் அது.

அயர்லாந்துக்காரர்களின் பேச்சில் எனக்கு இன்னொரு நெருக்கமும் கிடைத்தது. ஐரிஷ் மொழியில் நம் ஆமாம், இல்லை போன்ற தனிச்சொற்கள் கிடையாது. வந்தாயா என்றால் வந்தேன் என்று வினைச்சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஆங்கிலத்திலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படியைச் சுருக்கச் சொன்ன மேற்பார்வையாளர், அந்தத் திருப்பங்களை வெட்டி ஒற்றைச் சொல்லாக்கும்படி சொன்னார். நான் மறுத்து, காரணத்தை எழுதிக் கொடுத்தேன். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்று பதில் சொல்லும் வீட்டில் வளர்ந்தவளுக்கு, அதை வெட்டக் கை வரவில்லை.

கடைசி ஆண்டில் குறிப்பெடுத்தது ஐலீன் காலின்ஸைப் பற்றி. ஐரிஷ் வழிவந்த எளிய குடும்பத்தில், நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் பிறந்து, மலையிலிருந்து கிளைடர்கள் பறப்பதைப் பார்த்து வளர்ந்து, பகுதிநேர வேலைகளில் ஆயிரம் டாலர் சேர்த்து விமானம் ஓட்டக் கற்றவர். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண். 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா கிளம்பிய ஐந்தாம் விநாடியில் ஒரு கம்பி உராய்ந்து மின்கசிவு ஏற்பட்டு, இரண்டு எஞ்சின்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளில் ஒவ்வொன்று செயலிழந்தது. எஞ்சினிலிருந்து கழன்ற ஒரு சிறிய ஊசி, குளிரூட்டும் குழாய்களைக் கிழித்ததில் ஹைட்ரஜனும் கசிந்தது. மீதமிருந்த கணினிகள் வேலையைத் தாங்கிக் கலத்தை மேலே கொண்டுபோயின. கலத்தில் இருந்த தொலைநோக்கி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகச் சந்திரா என்று பெயரிடப்பட்டது. அன்றைக்கே விண்ணில் விடப்பட்ட அது, சில மாதங்களில் நண்டு நெபுலாவின் நடுவே சுழலும் பல்சாரைச் சுற்றி ஒளிரும் வளையங்களைப் படமெடுத்தது. லர்கன் பெண்ணின் வரைபடத் தாளும், எல்மைரா பெண்ணின் கலமும், எங்கள் மொழிக்காரர் ஒருவரின் பெயரும் என் மேசையில் ஒரே கோப்பில் வந்து நின்றதைக் கண்டு, அன்று வேலையை நிறுத்திவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

வேலையை விட்டு ஊருக்குத் திரும்பும் முன் அந்தப் பட்டறைக்குப் போனேன். பைப் செய்பவர், வீணாய்ப்போனவற்றைப் போட்டுவைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு தட்டையை எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார். அடுத்த மாதம் திருவாவடுதுறையில், எழுபது வயது கடந்த சீவாளிக்காரர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். எந்த நாடு, யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, தட்டையை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் மெதுவாகச் சுண்டிப் பார்த்தார்.

"எத்தனை நாள் காய வெச்சாராம்?"

"நாள் கணக்கு இல்லைங்க ஐயா, வருஷக் கணக்கு."

தட்டையை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்தார்.