பிள்ளை வளரும் வீடு: ஏற்காட்டுக் களப்பணியும் உலக ஆய்வுகளும்

சேலம் மாவட்டத்தில் குழந்தைப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள் எழுதும் தாள்களில் மிகவும் பொறுப்பு நிறைந்தது சமூக விசாரணை அறிக்கை. ஒரு குழந்தை பெற்றோரிடமே இருக்கலாமா, உறவினரிடம் ஒப்படைக்கலாமா, குழந்தைகள் இல்லத்தில் சேர்க்க வேண்டுமா என்று குழந்தைகள் நலக் குழு முடிவெடுக்கும்போது அந்தச் சில பக்கங்களைத்தான் முதலில் புரட்டும். தொண்டு நிறுவனம் ஒன்றின் களப்பணியாளராக இத்தகைய அறிக்கைகளை எழுதி வந்த நான், பின்னர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து நடந்த குடும்ப ஆய்வொன்றில் ஏற்காடு மலைக் கிராமங்களுக்கான களப் பொறுப்பை ஏற்றேன். உலகின் வேறு மூலைகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் எங்கள் அறிக்கைகளுக்கு என்ன வலிமை தந்தன, எங்கள் மலை அந்த ஆய்வுகளுக்கு எதைக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் பணியில்தான் அருகிலிருந்து பார்த்தேன்.

சேலத்திற்கு இந்தக் கேள்வி புதிதன்று. பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காக, வளர்க்க இயலாத குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 1992இல் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு இங்கே 851 பெண் குழந்தைகளே இருந்தனர்; 2011இல் அந்த எண் 900ஐத் தாண்டியது. தொட்டில் பல உயிர்களைக் காத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. பெண் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகை போடும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. ஆனால் அந்தப் பணம் முழுமையாகக் கைக்கு வரும்போது அவள் பதினெட்டு வயதைத் தொட்டிருப்பாள். பிரசவமான வாரத்தில், கையில் பச்சிளம் குழந்தையோடு நிற்கும் ஒரு தாய் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்வதற்கு உடனடியாக என்ன தேவை என்று கேட்பதற்கான ஏற்பாடுதான் மிகவும் மெலிந்திருந்தது. நான் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்வியைச் சுற்றியே இருந்தன.

இந்த இடத்தில்தான் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு எனக்குப் பெரும் துணையாக அமைந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் ருமேனிய அதிகாரிகளோடு இணைந்து, இல்லங்களில் வளர்ந்துகொண்டிருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். அந்நகரில் அப்படிப்பட்ட குடும்பங்கள் ஏறக்குறைய இல்லாத நிலையில், அவற்றைத் தேடிப் பயிற்சி கொடுத்து உருவாக்கியதே ஆய்வின் ஒரு பகுதியாயிற்று. குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்களிடம் அந்த முன்னேற்றம் பொதுவாகத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை, கடுமையான உடற்குறை இருந்தாலன்றி, இல்லத்தில் சேர்க்கக்கூடாது என்று ருமேனியா 2004இல் சட்டம் இயற்றியது. மறுபாதிக் குழந்தைகள் தொடக்கத்தில் இல்லங்களிலேயே இருக்க நேர்ந்தது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. வெளியேற வாய்ப்புக் கிடைத்த எந்தக் குழந்தையையும் ஆய்வுக்காகத் தடுக்கவில்லை என்று அறிந்த பிறகும் அந்த உறுத்தல் முழுதாக நீங்கவில்லை. ஆனாலும், ‘இல்லத்தில் மூன்று வேளைச் சோறு கிடைக்கிறதே, வேறென்ன வேண்டும்’ என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்களுக்கு விடை சொல்ல அதற்கு முன் எங்களிடம் அனுபவம் மட்டுமே இருந்தது. அதற்குப் பின் சான்றும் இருந்தது.

பெற்றோரிடம் வளர முடியாத குழந்தைகளுக்காக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், வறுமையை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று தெளிவாகக் கூறுகின்றன. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தைக் கடைசிப் புகலிடமாகவே வைக்கிறது. குழந்தைப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ், கணவரை இழந்தோ கைவிடப்பட்டோ தனித்து வாழும் தாயின் குழந்தை, உறவினரிடம் வளரும் ஆதரவற்ற குழந்தை போன்றோருக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்கிறது. இந்தத் தொகையால் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளை நான் அறிவேன். அதை ஏற்பாடு செய்த நாட்கள்தான் என் பணியில் மிகுந்த நிறைவு தந்தவை.

மலையில் நிலைமை வேறு. ஏற்காட்டில் ‘மலையாளி’ என்று அழைக்கப்படும் பழங்குடிக் குடும்பங்களில் பலருக்குக் காப்பித் தோட்டக் கூலியே முதன்மையான வருமானம். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் வேலை குறைந்துவிடும். இளந்தம்பதியர் குடகுக்கும் கேரளத்துக்கும் மிளகு பறிக்கப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் தங்குவார்கள், அல்லது உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போவார்கள். அந்தப் பள்ளிகள் பல தலைமுறைகளைப் படிக்க வைத்தவை. அவற்றைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால், ஆறு வயதுப் பிள்ளை விடுதிக்குப் போவதற்குக் காரணம் படிப்பா, வீட்டில் ஆளில்லாமையா என்று பிரித்தறியாமல் குடும்பத்தைப் பற்றிய எந்தக் கொள்கையும் இங்கே பொருந்தாது.

எங்கள் ஆய்வின் வினாத்தாள், யுனிசெஃப் 1995 முதல் பல நாடுகளில் நடத்திவரும் பல்குறியீட்டு ஆய்வின் கேள்விகளை ஒட்டி அமைந்தது. கடந்த மூன்று நாட்களில் குழந்தைக்கு யாராவது கதை சொன்னார்களா, பாட்டுப் பாடினார்களா, விளையாடினார்களா, புத்தகம் படித்துக் காட்டினார்களா, வெளியே அழைத்துச் சென்றார்களா, எண்ணவோ பெயர் சொல்லவோ கற்றுக்கொடுத்தார்களா என்று அது கேட்கும். நல்ல கேள்விகள்தான். ஆனால் விடையில் பதினைந்து வயது நிரம்பிய குடும்பத்தினரை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளும். நாங்கள் சென்ற வீடுகளில் சிறு பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைவாரி, கதை சொல்லித் தூங்க வைப்பவள் பதினொன்று பன்னிரண்டு வயது அக்காளாக இருந்தாள். “பள்ளிக்கூடம் விட்டு வந்தா ரெண்டு பேரையும் பெரியவதான் பாத்துக்குவா கண்ணு, நான் காட்டுக்குப் போனாத்தானே அடுப்பெரியும்” என்று ஒரு பாட்டி சொன்னார். வினாத்தாளின்படி அந்தக் குழந்தைக்குக் கதை சொல்ல யாருமில்லை. அந்த அக்காளுக்குப் பத்து வயது கடந்துவிட்டதால், சிறுவர் பொறுப்பில் விடப்பட்ட குழந்தைகளைக் கணக்கிடும் கேள்வியிலும் அவள் வரமாட்டாள். தம்பி தங்கைகளை வளர்க்கும் ஒரு சிறுமியின் உழைப்பு இரண்டு வரிகளுக்கும் நடுவே காணாமற்போனது.

இதை இணையவழிக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது, மற்ற நாட்டுத் தரவுகளோடு ஒப்பிட முடியாமல் போகும் என்பதால் மூலக் கேள்விகளை மாற்ற இயலாது என்றார்கள் வெளிநாட்டுக் கூட்டாளிகள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்தது. ஒரே கேள்வியை எல்லா நாட்டிலும் ஒரே விதமாகக் கேட்டால்தான் ஒப்பீடு நிற்கும். நீண்ட பேச்சுக்குப் பின், மூலக் கேள்விகளை அப்படியே வைத்து, அக்காள் அண்ணன்மாரின் பராமரிப்பு நேரத்தையும் அதனால் அவர்கள் இழக்கும் பள்ளி நேரத்தையும் அறியும் தனிப் பகுதி ஒன்றைச் சேர்த்தோம். அதேபோல, நிலப் பத்திரங்களில் ஏமாந்த நினைவால் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்கத் தயங்கும் மக்களிடம், ஊர்ப் பெரியவர் முன்னிலையில் வாய்மொழி ஒப்புதல் பெற அறநெறிக் குழு இசைந்தது.

ஒத்துழைப்பின் பயன் எதிர்த்திசையிலும் வந்தது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் 552 குடும்பங்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான பெற்றோர் பயிற்சி ஆய்வை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் அந்த வெளிநாட்டுக் கூட்டாளிகள்தான். வளரிளம் பருவப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து அமர்ந்த அந்தப் பயிற்சியால் அடி உதை குறைந்தது. அதில் குடும்ப வரவு செலவைத் திட்டமிடுவதும் சேமிப்பதும் பாடமாக இருந்தன. வீட்டுச் சண்டையையும் வீட்டுக் கடனையும் தனித்தனித் துறைகளாகப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது பயனுள்ள திருப்பம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வேரூன்றிய நம் ஊர்களில் இத்தகைய பயிற்சிக்கான மேடை ஏற்கெனவே இருக்கிறது.

தமிழ்நாடு கொள்கையைப் பெற்றுக்கொள்ளும் இடமாக மட்டும் இருந்ததில்லை என்பதையும் அந்தக் கூட்டங்களில் அழுத்திச் சொல்லி வந்தேன். உலக வங்கிக் கடனுதவியுடன் 1980இல் இங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், சிறு குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, வளர்ச்சி தளரும் குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு அளித்த முறை பல நாடுகளின் ஊட்டச்சத்து விவாதங்களில் பேசப்பட்டது. கொடுப்பதும் கொள்வதும் இருபுறமும் நடக்கும்போதுதான் களத்தில் இருப்பவர்களின் சொல் மதிக்கப்படுகிறது. அமெரிக்க நிதியில் 1984 முதல் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்துவந்த மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வுத் திட்டம் 2025இல் அந்நாட்டு அரசு நிதியை நிறுத்தியதும் தடைப்பட்டது எனக்கு மிகுந்த கவலை தந்தது; ஒரே நாட்டின் கைப்பணத்தை நம்பிய கூட்டுமுயற்சி எத்தனை விரைவாக நின்றுவிடுகிறது!

எங்கள் ஆய்வின் முடிவுகளை, ஆங்கில அறிக்கை அச்சாகும் முன்பே, மலைக் கிராமங்களில் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினேன். கூட்டாளிகள் அதற்கெனத் தனியே பணம் ஒதுக்கினார்கள். அந்தக் கூட்டங்களில் பெண்கள் எழுப்பிய முதன்மையான குறை மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவின் தகுதி வரம்பைப் பற்றியது. கிராமப்புறக் குடும்பத்திற்கு ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்கிறது விதி. மாதக் கணக்கில் அது 6,000 ரூபாய். கணவனும் மனைவியும் கூலிக்குப் போகும் வீடு அந்த வரம்பை எளிதில் கடந்துவிடும். கடக்காவிட்டாலும், தாய் தந்தை இருவரும் உயிரோடும் உடல்நலத்தோடும் சேர்ந்து வாழ்வதால், அவர்கள் மிளகுக் காட்டில் இருக்கும் மாதங்களில் பிள்ளையைக் காக்கும் பாட்டிக்கு உதவி கேட்க வழியில்லை.

ஆகவே எங்கள் பரிந்துரையில் இரண்டு கோரிக்கைகளை எழுதினோம். பருவ காலத்தில் பெற்றோர் வெளியூர் செல்லும் வீடுகளில் பிள்ளையைப் பராமரிக்கும் மூத்தோரை நிதி ஆதரவுக்கு உரியவராக ஏற்க வேண்டும் என்பது ஒன்று. பறிப்புப் பருவத்தில் தோட்ட வேலை நேரத்துக்கு ஏற்ப அங்கன்வாடி மாலை வரை திறந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. இங்குள்ள சிறு தோட்டங்கள் பலவும் அந்த எண்ணிக்கைக்குக் கீழே இருப்பதால் அந்தப் பொறுப்பைப் பொது அமைப்புதான் ஏற்றாக வேண்டும். பரிந்துரை மாவட்ட அலுவலர்களிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த கட்ட ஆய்வுக்காக நாங்கள் அனுப்பியுள்ள விண்ணப்பத்தில், அங்கன்வாடி மாலையிலும் திறந்திருக்கும் கிராமங்களில் அக்காள்மாரின் பள்ளி வருகை எவ்வளவு கூடுகிறது என்பதை முதல் கேள்வியாக வைத்திருக்கிறோம்.