சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் நடுவிலிருந்த மாதங்கள்

முக்கூடல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. அக்கா பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பீடி சுற்றச் சுளவை (முறத்தை) மடியில் வைத்தவள். வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். 2024ஆம் ஆண்டு அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியபோது, அவளைக் கல்லூரியில் சேர்ப்பதும் அதற்கான பணத்துக்கு வழி பார்ப்பதும் என் பொறுப்பாயின. அத்தான் கேரளத்தில் கட்டட வேலையில் இருக்கிறார். அலுவலகங்களுக்கு அலைய அவருக்கு விடுப்புக் கிடைக்காது. அந்த ஓராண்டில் நாங்கள் கடந்து வந்தவற்றை, அடுத்து இதே வழியில் வரப்போகும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

உயர்கல்வியில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது என்பது வெறும் பெருமைப் பேச்சு அன்று. மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையுள்ளோரின் தொகையோடு ஒப்பிட்ட சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. இதில் பெண்கள் ஆண்களுக்குப் பின்தங்கியிருக்கவில்லை. 1895இல் தொடங்கிய சாராள் தக்கர் கல்லூரி, 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, 1970இல் வந்த ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி, 1990இல் அபிசேகப்பட்டியில் அமைந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என நெல்லைச் சீமைக்கு நீண்ட கல்வி மரபும் உண்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்போது கோவிந்தப்பேரியில் மனோ கல்லூரி இருக்கிறது. ஆலங்குளத்தில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. ஆகவே கல்லூரி தொலைவில் இருக்கிறது என்பது இன்று பெரிய தடையாக இல்லை. உதவித்தொகைத் திட்டங்களுக்கும் குறைவில்லை. ஆனால் கல்லூரியில் கட்ட வேண்டிய பணம் ஜூனிலும் ஜூலையிலும் கையில் இருக்க வேண்டும். உதவித்தொகையோ பல மாதம் கழித்துத்தான் வருகிறது. இந்த இடைவெளியைக் கடக்க முடியாத வீட்டுப் பெண்தான் சேர்க்கைக் கடிதம் வந்த பிறகும் பீடிக்கடைக்குத் திரும்புகிறாள். எங்கள் முயற்சியில் பெரும்பகுதி இந்த இடைவெளியை அடைப்பதற்கே செலவாயிற்று.

சான்றிதழ் வேலையை நாங்கள் பொதுத்தேர்வுக்கு முன்பே, தைப் பொங்கல் கழிந்த கையோடு தொடங்கினோம். மே மாதம் தேர்வு முடிவு வந்த பிறகு இ-சேவை மையத்துக்குப் போனால், மாவட்டத்தில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் விண்ணப்பங்களும் ஒரே சமயத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் குவிந்திருக்கும். விண்ணப்பம் அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போக வேண்டும். இடையில் ஒருவர் விடுப்பில் போனாலும் வேலை நின்றுவிடும். சாதிச் சான்றிதழ் அவளுக்கு முன்பே இருந்தது. வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் தலா 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும் என்பதால், கையிலிருக்கும் சான்றிதழின் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டபோது, சித்தியாகிய நான் பட்டம் பெற்றிருப்பதால் அது கிடைக்காது என்று ஊரில் பலரும் சொன்னார்கள். அது சரியன்று. பெற்றோர், தந்தை வழித் தாத்தா பாட்டி, தாய் வழித் தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் ஆகியோரின் படிப்பைத்தான் பார்க்கிறார்கள். சித்தி, சித்தப்பா, மாமா பட்டம் பெற்றிருப்பது இதற்குத் தடையில்லை. இந்தத் தவறான எண்ணத்தால் விண்ணப்பிக்காமலேயே விட்ட இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தச் சான்றிதழின் பயன் கலந்தாய்வு மூலம் சேரும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கற்பிப்புக் கட்டணச் சலுகையாகக் கிடைப்பது. அக்கா மகள் பொறியியலுக்கும் பதிவு செய்திருந்ததால் அதை வாங்கி வைத்தோம்.

இங்கே நெல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் அரசு உதவி பெறும் பள்ளிகள் மிகுதி. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஏழைப் பிள்ளைகள் படித்தது பெரும்பாலும் அவற்றில்தான். அக்கா மகளும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அத்தகைய பள்ளி ஒன்றில் தமிழ் வழியில் படித்தவள். மருத்துவத்துக்கு 2020 முதலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கு 2021 முதலும் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியது. அதில் சேரும் பிள்ளைக்குக் கற்பிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஒரே தெருவில், ஒரே கடைக்குப் பீடி சுற்றும் இரண்டு வீடுகளில், ஒரு பிள்ளைக்கு அது உண்டு. உதவி பெறும் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பதைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் இந்த வேறுபாட்டை ஐந்தாம் வகுப்பு முடிந்து பள்ளி மாற்றும்போதே அறிந்திருக்க வேண்டும். எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

2024 மே 6 அன்று தேர்வு முடிவு வந்தது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணைய வழியில் விண்ணப்பிக்க 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பதிவுக் கட்டணமான 2 ரூபாய் மட்டும். பொறியியலில் அவள் தரவரிசைக்குச் சுயநிதிக் கல்லூரிதான் கிடைக்கும் நிலை. முதல் பட்டதாரிச் சலுகை போக எஞ்சிய கற்பிப்புக் கட்டணம், கல்லூரிப் பேருந்து, பிற கட்டணங்கள் எல்லாவற்றையும் நான்கு ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தோம். கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்பதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் முடிவு அவளுடையதாகவே இருந்தது. "சித்தி, எனக்குக் கணக்குத்தான் பிடிச்சிருக்கு. அதைப் படிச்சு டீச்சராகணும்" என்றாள். ராணி அண்ணா கல்லூரியில் இளம் அறிவியல் கணிதத்தில் ஜூன் மாதக் கலந்தாய்வில் இடம் கிடைத்தது. இடம் கிடைக்காதிருந்தால் பாளையங்கோட்டையில் உதவி பெறும் கல்லூரிகளுக்கே போயிருப்போம். அங்கே விண்ணப்பிக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே வளாகத்தில், ஒரே பாடத்துக்கு, அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் தனித்தனியே இருக்கும். கட்டணம் மட்டுமன்றிச் சில உதவித்தொகைகளின் விதிகளும் இரண்டுக்கும் வேறுபடும். எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று சேர்க்கை அன்றே கேட்டு, ரசீதிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதான். ஆயினும் முதல் இரண்டு மாதங்களில் சேர்க்கைக் கட்டணம், புத்தகம், உடை, பேருந்து, மதியச் சாப்பாடு, பாடக் குறிப்புகள் வரும் கைபேசி எல்லாம் ஒன்றாக வந்து சேரும். இதற்கும் மேலாக, அவள் வீட்டிலிருந்து சுற்றிக் கொடுத்த பீடிக்கான கூலி நின்றுபோகும். கல்லூரிச் செலவைப் பற்றிப் பேசும் எவரும் இந்தக் கடைசிக் கணக்கைச் சேர்ப்பதில்லை. அக்காவோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதினேன்: எந்த மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், எந்த மாதம் எங்கிருந்து எவ்வளவு வரும். இரண்டாம் பத்தியில் அந்த ஆண்டு முடியும்வரை உறுதியாக எழுத முடிந்த தொகை ஒன்றுகூட இல்லை.

கந்துவட்டிக்குப் போகாமல் எங்களைக் காத்தது அக்காவின் வருங்கால வைப்பு நிதி. பீடித் தொழில் 1977 முதல் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள் இருக்கிறது. கம்பெனி அட்டை உள்ள பீடிப் பெண்ணின் பெயரில் அந்தப் பணம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஏழாண்டு உறுப்பினராக இருந்தவர், பத்தாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகள் படிப்பதற்காகத் தம் பங்கில் பாதி வரை முன்பணமாக எடுக்க அப்போது விதி இருந்தது. இது கடன் அன்று. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. மகளின் திருமணத்துக்காக எடுக்கலாம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதே விதியில் படிப்பும் இருப்பது பலருக்குத் தெரியவில்லை. அக்காவின் பெயர் கம்பெனிப் பதிவில் தலைப்பெழுத்து இல்லாமலும் ஆதாரில் தலைப்பெழுத்தோடும் இருந்ததால் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. பெயரைத் திருத்தக் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும், அதற்கு நாளாயிற்று. வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், அம்மாவின் வைப்பு நிதிப் பதிவில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது புதுமைப் பெண் திட்டம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு இருந்தது திருமண நிதியுதவித் திட்டம். 2011 முதல் பட்டம் பெற்ற ஏழைப் பெண்ணுக்கு அதில் 50,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் கொடுத்தார்கள். என் திருமணத்துக்கும் அது வந்தது. அதே திட்டத்தை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றி, 2022 செப்டம்பர் 5 முதல் மாதம் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கே அனுப்புகிறார்கள். திருமணத்துக்கு வைத்த பணத்தைப் படிப்புக்குத் திருப்பியதை, இரண்டையும் நேரில் கண்டவள் என்ற முறையில் மனமார வரவேற்கிறேன். எனக்கு வந்த 50,000 என் படிப்புக்கு ஒரு நாளும் உதவவில்லை. இவளுக்கு வரும் 1,000 ரூபாய் ஒவ்வொரு மாதமும் உதவுகிறது.

தொடக்கத்தில் இத்திட்டம் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டுமே இருந்தது. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்படும் என்ற அறிவிப்பு 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் வந்தது. தூத்துக்குடியில் அது தொடங்கி வைக்கப்பட்டது டிசம்பர் 30 அன்று. கல்லூரி ஜூலையில் தொடங்கிவிட்டது. எங்கள் நோட்டின் இரண்டாம் பத்தி அந்த ஆண்டில் பெரும்பகுதி வெறுமையாகவே கிடந்ததற்கு இது ஒரு காரணம்.

விண்ணப்பத்தைக் கல்லூரியிலேயே பதிந்தார்கள். அவளுடைய பள்ளிப் பதிவில் ஒரு வகுப்புக்கு மட்டும் பயிற்று மொழி ஆங்கிலம் என்று ஏறியிருந்தது. தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியிலிருந்து வாங்கிக் கொடுத்த பிறகே அது திருந்தியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே இந்தச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமைக்கும் அது வேண்டியிருக்கும். இன்னொரு சிக்கல் வங்கியில். அவளுக்குப் பள்ளி நாளில் தொடங்கிய வங்கிக் கணக்கு ஒன்றும், பின்னர் அஞ்சலகத்தில் தொடங்கிய கணக்கு ஒன்றும் இருந்தன. அரசுப் பணம் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்கு வருவதில்லை. ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அதற்கே போகும். மற்றப் பிள்ளைகளுக்கு வந்த பணம் இவளுக்கு மட்டும் வரவில்லை என்று கவலையோடிருந்தோம். அது அஞ்சலகக் கணக்கில் இருந்தது. இதற்கிடையில் பேருந்துக் காசு குறைந்து சில நாள் அவள் கல்லூரிக்குப் போகவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பு தரும் உதவித்தொகை. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், தொழிற்படிப்புக்கு 25,000 ரூபாய். பீடிக்கு விதித்த தீர்வையிலிருந்து இந்த நலநிதி நடந்துவந்தது; 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது அந்தத் தீர்வை நீக்கப்பட்டது. இன்று அரசின் பொது நிதி ஒதுக்கீட்டைக் கொண்டே இது நடக்கிறது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பித்து, கல்லூரி சரிபார்த்து, பிறகு நல அமைப்பு சரிபார்க்க வேண்டும். தாயின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இதற்கு அடிப்படை. வேறு அரசு உதவித்தொகை வாங்குபவருக்கு இது இல்லை என்ற நிபந்தனை இருப்பதால், கல்லூரியில் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்கான படிவத்தில் கையெழுத்திடும் முன் இரண்டில் எது பயன் தரும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். மாதம் வரும் 1,000 ரூபாயைப் பற்றியும் நல அமைப்பின் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே நாங்கள் விண்ணப்பித்தோம்.

அரசிடம் நான் வேண்டுவது கூடுதல் தொகை அன்று. ஆண்டுக்குத் தரும் 12,000 ரூபாயில் முதல் மூன்று மாதத் தொகையைச் சேர்க்கை நாளிலேயே ஒன்றாகக் கொடுத்தால், எங்கள் தெருவில் அந்த ஆண்டு இடம் கிடைத்தும் சேராமல் போன பெண்கள் சேர்ந்திருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் கல்லூரியில் சேராதவர்களைத் தேடிச் சேர்க்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நல்ல முயற்சி. அங்கே கல்லூரிப் பட்டியலோடு, ஆதார் எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது, தாயின் வைப்பு நிதிப் பதிவு சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக் கொடுக்க ஒரு மேசை போட வேண்டும்.

அக்கா மகள் இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். வருமானச் சான்றிதழைப் புதுப்பித்துவிட்டோம். மாத உதவி தவறாமல் வருகிறது. பீடித் தொழிலாளர் உதவித்தொகைக்கான புதுப்பிப்பு விண்ணப்பம் கல்லூரியின் சரிபார்ப்பில் இருக்கிறது.